வில்லன் மினிஃபிகர்: வாங்கும்போதும் விமர்சிக்கும்போதும்

பழைய லெகோ மினிஃபிகர் (சிறிய பிளாஸ்டிக் மனித பொம்மை) கைக்கு வந்ததும் தலையைக் கழற்றுங்கள். தலை மேலுள்ள குமிழிலும் கழுத்துத் தண்டின் உச்சியிலும் லெகோ எழுத்து இருக்க வேண்டும், இல்லையென்றால் போலியாக இருக்கலாம். அடுத்து, உடலின் பக்கவாட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தோளுக்குக் கீழே மயிரிழை விரிசல் விழுவது சகஜம். கையை அடிக்கடி பிடுங்கி மாட்டினால் அது இன்னும் பெரிதாகும். விரிசல் விழுந்ததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

விமர்சனத்தில் முகத்திலும் உடலிலும் அச்சடித்த படங்களுக்குத்தான் அதிக இடம் தர வேண்டும். பாதி முகம் சிதைந்த பேட்மேன் வில்லன் டூ-ஃபேஸைப் பாருங்கள்: முகத்தை இரண்டாகப் பிரிக்கும் கோடு மேலங்கியின் நடுக்கோட்டோடு நேராக நிற்கிறதா? கருப்பு உடல்மீது அச்சடித்த தோல் நிறம் பெரும்பாலும் மங்கிவிடும், ஏனென்றால் அடியிலுள்ள கருமை மேலே தெரியும். கழுத்தருகே தலையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று புரியும். சூப்பர்மேன் வில்லன் லெக்ஸ் லூதர் போன்ற மொட்டைத் தலைக்கு முன்னும் பின்னுமாக இரட்டை முகம் அச்சிட்டால் பின்முகத்தை மறைக்க வழியில்லை, அதையும் எழுதுங்கள்.

அழுக்கானால் முதுகில் தொங்கும் துணிக் கேப்பைக் கழற்றிவிட்டு, 40 டிகிரிக்கு மேல் போகாத சோப்புநீரில் கழுவுங்கள். வெயில் படும் அலமாரி வேண்டாம். ஜோக்கரின் வெள்ளை முகம் மஞ்சளாகிவிடும்.