உலகச் சுற்றுச்சூழல் அரசியல்: இளங்கலை வாசிப்புப் பட்டியலில் நேரும் தவறுகள்

பக்கம் குறைந்தால் மாணவருக்கு எளிது என்று நம்புவதுதான் பெரிய தவறு. சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1968-இல் 'சயின்ஸ்' இதழில் பொதுவளங்களைப் பற்றி எழுதிய கட்டுரை ஆறே பக்கம். அதை மட்டும் படிக்கும் மாணவர், பொதுச் சொத்து என்றாலே பாழாகிவிடும் என்பதை நிரூபணமான விதியாகவே எடுத்துக்கொள்வார். அதில் வரும் மேய்ச்சல் நிலம் கற்பனை; கள ஆய்வு அல்ல. பொதுவளம் என்பதற்கு முன் 'நிர்வகிக்கப்படாத' என்ற அடைமொழியை விட்டது குறை என்று 1998-இல் ஹார்டினே ஒப்புக்கொண்டார். ஆகவே அதே வாரத்தில், பொதுவளங்களை மக்களே நிர்வகிக்கும் விதத்தை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரமின் 1990-ஆம் ஆண்டு நூலிலிருந்து ஒரு பகுதியையும் கொடுங்கள். முழு இயல் வேண்டாம். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமம் தன் மேய்ச்சல் நிலத்துக்கு விதி வகுத்துக் காத்த பகுதி போதும்.

அடுத்து, ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசி வெளியிடும் அறிக்கையின் கொள்கை வகுப்பாளர் சுருக்கம். சுருக்கம்தானே என்று பலரும் அதையே தருகிறார்கள். அரசுகள் வரிவரியாக ஒப்புதல் அளித்த வாசகம் அது, இறுகிக் கிடக்கும். அதில் 'நிகழக்கூடும்' என்பதுகூட 66 முதல் 100 விழுக்காடு வாய்ப்பைக் குறிக்கும் கலைச்சொல் என்பது புதியவருக்குத் தெரியாது. ஆறாம் அறிக்கையின் இயல்களோடு வரும் கேள்வி-பதில் பகுதிகள் இதைவிட நல்ல தொடக்கம்.

ஒப்பந்தத்தின் மூல வாசகம் கடினம் என்று ஒதுக்குவதும் சரியல்ல. பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் 29 பிரிவுகளில் 2, 4 மட்டும் போதும். பிரிவு 4.4-இல் வளர்ந்த நாடுகளின் உமிழ்வுக் குறைப்பைப் பற்றிய கட்டாயச் சொல் கடைசி நேரத்தில் மாறி, அறிவுறுத்தும் சொல்லானது. கட்டாயம் நீடித்திருந்தால் அமெரிக்காவில் செனட் ஒப்புதல் கேள்வி எழுந்திருக்கும். ஒரு சொல்லை வைத்தே ஒரு வகுப்பை நடத்திவிடலாம்.

எளிமைக்காகப் பாடநூல் ஒன்றையே பிடித்துக்கொண்டால் தெற்கு நாடுகளின், அதாவது வளரும் நாடுகளின், வாதம் இரண்டு பத்தியில் முடிந்துவிடும். இந்தியச் சூழலியலாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-இல் எழுதிய சிற்றேடு, பிழைப்புக்கான உமிழ்வையும் ஆடம்பர உமிழ்வையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்கிறது. நடையும் நேரடியானது.

கட்டணச் சந்தா கேட்கும் இணைப்பை மட்டும் தராதீர்கள். நூலக இணைப்பு வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் அது வெறும் படம். பார்வைக் குறைபாடுள்ள மாணவரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. எழுத்துணரி மென்பொருளில் ஓட்டியபின் இரண்டு நிமிடம் கேட்டுப் பாருங்கள்: பக்கத்தில் அருகருகே அச்சான இரண்டு நெடுவரிசைகளும் கலந்து, அடிக்குறிப்புகள் வாக்கியத்தின் நடுவே புகுந்திருக்கும்.