ஓட்டோ நின்ற காலம்

கால் முறிந்ததும் ஓட்டோ வீட்டு வாசலில் முடங்கியது. வருமானம் நின்ற கடுப்பில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். அம்மம்மா, சம்பந்தர் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் பாடிய தேவாரப் பதிகத்தை நீட்டி, "சும்மா கிடக்காமல் இதை வாசியடா" என்றார். அவருக்குக் கண் மங்கல், அதுதான் உண்மைக் காரணம்!

பழந்தமிழ் வாயில் நுழையவில்லை. சரி, காலையில் ஒரே ஒரு பாட்டு. பதம் பிரித்து, சத்தமாக, அவர் திருத்தத் திருத்த. சந்தனக் கட்டையும் அகில் துண்டும் முத்தும் கடல் கொண்டுவந்து கொழிக்கும் மலை என்கிறது முதல் பாட்டு. ஆட்களைக் கோணேசர் கோயிலுக்கு ஏற்றிப்போய், உள்ளே போகாமல் வெளியிலேயே காத்திருந்தவன் நான். மெல்ல மெல்ல, வாசிக்காத நாளில்தான் மனம் அந்தரப்பட்டது.

இப்போது வெள்ளிக்கிழமை முதல் ஓட்டம் அம்மம்மாவோடு கோயிலுக்கு. கோபம் வரும்தான், அப்போது பாட்டைத் தொடங்கிவிடுவேன், அது முடியும்வரை வீட்டில் யாரும் கதைப்பதில்லை.