பிள்ளைகளோடு கேம்பர்வேனில் நியூசிலாந்து: எப்படித் திட்டமிடுவது

கேம்பர்வேன் எடுப்பது என்று முடிவானதும் எல்லாரும் முதலில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர்களை அடுக்குவோம். நாங்களும் நியூசிலாந்தின் தென்தீவுக்குப் பத்து நாளில் பதினோரு ஊர் என்று எழுதி வைத்திருந்தோம். கடைசியில் போனது ஐந்து ஊர். அதுதான் சரியான அளவு என்று இப்போதும் சொல்வேன். ஏனென்றால் இந்த வேன் ஓடுகிற வீடு. தண்ணீர் பிடிக்க வேண்டும், கழிவைக் கொட்ட வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், ராத்திரி சாப்பாட்டு மேசையை இறக்கிப் படுக்கையாக்கி காலையில் மறுபடி மேசையாக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதற்கே தினமும் இரண்டு மணி நேரம் போய்விடும். ஒரு நாளைக்குச் சுமார் 200 கிலோமீட்டர், அதை அதிகம் தாண்டாதீர்கள்.

எங்கள் பாதை இதுதான். கிறைஸ்ட்சர்ச்சில் வண்டி எடுத்து டெக்காப்போ, மவுண்ட் குக், வானக்கா, டெ அனாவ், கடைசியாக குவீன்ஸ்டவுனில் வண்டியை ஒப்படைப்பது. எடுத்த இடத்துக்கே திரும்ப வேண்டியதில்லை என்பதால் இரண்டு நாள் மிச்சம். இதற்குச் சில கம்பெனிகள் தனிக் கட்டணம் வாங்கும், கேட்டுக்கொள்ளுங்கள். விமானத்தில் வந்து இறங்கிய அன்றே வண்டி எடுக்காதீர்கள். ராத்திரி தூங்கி எழுந்து காலையில் போய் எடுங்கள்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை பேர் படுக்கலாம் என்று பார்ப்பதை விட, எந்த இருக்கையில் பிள்ளையின் கார் சீட்டைக் கட்ட முடியும் என்று பாருங்கள். அங்கே 7 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத் தகுந்த இருக்கை சட்டப்படி கட்டாயம். பக்கவாட்டில் பார்த்த சோபாவில் அதைக் கட்டக் கூடாது. எத்தனை பிள்ளை, என்ன வயது, என்ன எடை என்று முன்பதிவுக்கு முன்னாலேயே சொல்லி, எந்த இருக்கை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளேயே கழிப்பறை உள்ள வண்டிதான் எடுக்க வேண்டும், கழிப்பறை, தண்ணீர், கழிவு வசதி எல்லாம் வண்டிக்குள்ளேயே உண்டு என்பதற்குச் சான்றான பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் அனுமதியில்லாத இடத்தில் ராத்திரி தங்கினால் அபராதமே 400 நியூசிலாந்து டாலரில்தான் தொடங்கும். டீசல் வண்டி என்றால் ஓடுகிற தூரத்துக்குத் தனியாகச் சாலை வரி உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள்.

வண்டியைக் கொடுக்கும்போது கேஸ், ஹீட்டர், தண்ணீர் டேங்க் எல்லாவற்றையும் மடமடவென்று சொல்லிக்கொண்டே போவார்கள். முழுவதையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள், ராத்திரி குளிரில் ஹீட்டர் ஓடாதபோது அதுதான் கைகொடுக்கும். முக்கியமான ஒன்று, மைக்ரோவேவும் சுவரிலுள்ள பிளக்குகளும் கேம்ப்பில் கரண்ட் இணைப்புக் கொடுத்தால்தான் வேலை செய்யும். விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்பு எல்லாம் வண்டியின் பேட்டரியில் ஓடும். அதனால் ஒரு ராத்திரி கரண்ட் உள்ள ஹாலிடே பார்க் (காசு கொடுத்து வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்), ஒரு ராத்திரி அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் எளிய கேம்ப் என்று மாற்றி மாற்றிப் போட்டோம். ஹாலிடே பார்க் நாளில் துணி துவைத்து, எல்லாரும் வெந்நீரில் குளித்து, எல்லா போனையும் சார்ஜ் போட்டுவிடலாம்.

கிளம்புமுன் ஒவ்வொரு அலமாரியும் ‘டக்’ என்று பூட்டிக்கொண்டதா என்று கையால் தட்டிப் பாருங்கள். முதல் நாள் ஃபிரிட்ஜ் கதவை அழுத்தி மூடாமல் விட்டதில், முதல் ரவுண்டானாவிலேயே ஒரு டப்பா தயிர் தரை முழுக்க ஊற்றியது. அதற்கப்புறம் அந்த வேலையைப் பெரியவளிடம் கொடுத்துவிட்டோம். அவள் சரி என்று சொல்லாமல் வண்டி நகராது.

சாப்பாட்டு விஷயத்தில் விமான நிலையத்திலேயே கவனம் வேண்டும். கொண்டுபோகிற பொடி, ஊறுகாய், முறுக்கு எதுவாக இருந்தாலும் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். அறிவித்தால் பார்த்துவிட்டு, ஆகாததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் 400 டாலர் போய்விடும். தேனும் பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டவே வேண்டாம். அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் கிறைஸ்ட்சர்ச் இந்தியக் கடைகளில் கிடைக்கும். ஒரு சின்னக் குக்கர் மட்டும் கையோடு எடுத்துப் போங்கள். வேனுக்குள் தாளிக்க வேண்டாம், கடுகு வெடிக்கும் முன்பே புகை அலாரம் அலறும், பெருங்காய வாசனை படுக்கையில் மூன்று நாள் இருக்கும். ஹாலிடே பார்க்கின் பொதுச் சமையலறையில் குழம்பை வைத்து டப்பாவில் அடைத்துக்கொண்டால் அடுத்த இரண்டு வேளைக்கு வெறும் சோறு வடித்தால் போதும்.

கழிப்பறைப் பெட்டியை நிரம்ப விடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் டம்ப் ஸ்டேஷனில் கொட்டிக் கழுவுங்கள். கையுறை வாங்கி வையுங்கள், ஐந்து நிமிட வேலை.

நம் ஊர் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பது பெரிய நிம்மதி. ஆனால் நிறைய பாலங்களில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போக முடியும், உங்கள் பக்கம் உள்ள சிவப்பு வட்டப் பலகையில் உங்கள் அம்பு சின்னதாக இருந்தால் எதிரே வருகிறவருக்கு வழிவிட வேண்டும். பின்னால் கார்கள் சேர்ந்தால் ஒதுங்கி விட்டுவிடுங்கள். வானக்காவிலிருந்து குவீன்ஸ்டவுன் பக்கம் மலைமேல் போகும் குறுக்குவழி 1,076 மீட்டர் உயரம் ஏறும். பெரிய வண்டிக்கு குரோம்வெல் வழிதான் நல்லது. மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்திருக்கும் மில்ஃபோர்டு சவுண்டுக்கு டெ அனாவிலிருந்து 120 கிலோமீட்டர், வண்டியைக் கேம்ப்பிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் போய்வாருங்கள். அந்தச் சாலையில் ஓட்டுகிறவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்ப முடியாது, அது பெரிய இழப்பு.

நம் பள்ளி விடுமுறையான மே மாதம் அங்கே இலையுதிர்காலம். கூட்டம் இருக்காது, ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். அதனால் மூன்றரை, நாலு மணிக்குள் தங்குமிடம் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். சீக்கிரம் இருட்டுவதில் ஒரு லாபமும் உண்டு. டெக்காப்போ பகுதியை 2012ல் இருள்வானக் காப்பகமாக, அதாவது ராத்திரி வானம் இருட்டாகவே இருக்க விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியாக அறிவித்திருக்கிறார்கள், வேனின் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு ஏழு மணிக்கே பிள்ளைகளைப் போர்வையோடு வெளியே தூக்கி வந்து நட்சத்திரம் காட்டலாம், தூக்கம் கெடாது. அங்கே கட்டாயம் இரண்டு ராத்திரி போடுங்கள், ஒரு ராத்திரி மேகம் மூடினாலும் இன்னொன்று இருக்கும்.

கடைசி ராத்திரி வண்டியை ஒப்படைக்கும் டிப்போவுக்குப் பக்கத்தில் தங்கி, டேங்குகளைக் காலி செய்து, டீசல் நிரப்பி வையுங்கள். மிஞ்சின அரிசி, உப்பு, எண்ணெயைக் குப்பையில் போடாதீர்கள். பல ஹாலிடே பார்க் சமையலறைகளில் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ள ஒரு அலமாரித் தட்டு ஒதுக்கியிருப்பார்கள், எங்கள் முதல் நாள் ரசத்துக்கு உப்பு கிடைத்ததே அப்படியொரு தட்டிலிருந்துதான்.