கிரனாடாவில் முதலில் குடிக்க மட்டும் சொல்லுங்கள்

ஸ்பெயினின் கிரனாடாவுக்கு நண்பர்களோடு போனால், பாரில் உட்கார்ந்ததும் சாப்பிட எதுவும் ஆர்டர் செய்யாதீர்கள். ஆளுக்கு ஒரு ‘கான்யா’, அதாவது சின்ன கிளாஸ் பியர் சொல்லுங்கள், போதும். மது வேண்டாதவர்கள் ‘மோஸ்தோ’ என்ற திராட்சைச் சாறு கேட்கலாம்.

பானத்தோடு தபாஸ் என்ற சிறு சிற்றுண்டித் தட்டு இலவசமாக வருவது அந்த ஊர் வழக்கம். ஒரு ரவுண்டுக்குப் பொரித்த நெத்திலி, எலுமிச்சைத் துண்டோடு சுடச்சுட வரும். அடுத்த ரவுண்டுக்குப் பெரும்பாலும் வேறு ஏதாவது, உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்த தோர்த்தியா மாதிரி. பெரிய கிளாஸ் வாங்கினாலும் தட்டு ஒன்றுதான் என்பதால் சின்ன கிளாஸே லாபம். மூன்று பார் ஏறி இறங்கினால் ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும்!

என்ன வரும் என்பதை பெரும்பாலும் கடைக்காரர்தான் முடிவு செய்வார். அதனால் சைவக்காரர்கள் பானம் சொல்லும்போதே ‘சின் கார்னே, சின் ஹாமோன், சின் பெஸ்காதோ’, அதாவது இறைச்சி, ஹாமோன், மீன் இல்லாமல் என்று சொல்லிவிடுங்கள். வெறுமனே இறைச்சி வேண்டாம் என்றால் பன்றித்தொடை ஹாமோன் வந்து நிற்கக்கூடும்.

லியோன், ஹாயென், அல்மேரியாவிலும் இந்த வழக்கம் உண்டு. அல்மேரியாவில் பல பார்களில் தபாஸை நாமே தேர்ந்தெடுக்கலாம், அது இன்னும் வசதி. ஆனால் பார்சிலோனா, செவில்லில் பொதுவாகத் தபாஸுக்குத் தனிக்காசு. சான் செபாஸ்தியானில் கவுன்டரில் அடுக்கியிருக்கும் பின்ச்சோ என்ற சிறு சிற்றுண்டி ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. இலவசம் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். காபிக்கு எங்கேயும் தட்டை எதிர்பார்க்க வேண்டாம்.