யாழ்ப்பாணத்து நூல்களைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குச் சேர்ப்பதற்கு முன்

யாழ்ப்பாணத் தமிழை ஒரு மொழி மாதிரிக்கு (நூல்களிலிருந்து மொழியைக் கற்று எழுதும் கணினி அமைப்புக்கு) பயிற்றுவதற்காக நூல்களைத் திரட்டுபவர், ஸ்கான் செய்யத் தொடங்குமுன் ஒவ்வொன்றின் பதிப்புரிமையும் யாரிடம் உள்ளது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இலங்கையில் இதற்குரியது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். இத்தகைய பயிற்சிக்கென அதில் தனி விதிவிலக்கு எதுவும் இல்லை.

முதலில் ஆசிரியர் மறைந்த ஆண்டைப் பாருங்கள். பொருளாதார உரிமைகள் (பிரதி எடுத்தல், வெளியிடுதல் போன்றவற்றுக்கான உரிமைகள்) அவரது ஆயுட்காலமும் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகளும் நீடிப்பதால், 1879 இல் மறைந்த ஆறுமுக நாவலர், 1901 இல் மறைந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1922 இல் மறைந்த சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் ஆகியோரின் எழுத்துகளுக்குத் தடையில்லை. ஆனால் அவற்றின் அண்மைக்காலப் பதிப்புகளில் உள்ள புதிய முன்னுரையும் குறிப்புரையும் வேறொருவருடையவை. அவற்றை நீக்கிவிட்டு மூலத்தை மட்டும் எடுங்கள்.

சிக்கல் மிகுந்தவை மலர்கள். ஒரு கும்பாபிஷேக மலரிலோ பாடசாலை மலரிலோ அதிபர், புலவர், பழைய மாணவர் எனப் பலர் எழுதியிருப்பர்; வெளியீட்டுக் குழு இசைந்துவிட்டது என்பதற்காக எல்லாக் கட்டுரைகளுக்கும் அனுமதி கிடைத்ததாகாது. எழுதியவர் மறைந்திருந்தால் உரிமை வாரிசுகளுக்குரியது. அவர்கள் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கக்கூடும். ஊரில் உறவினரிடம் விசாரித்தால் தொடர்பு கிடைப்பதுண்டு. எவரும் அகப்படாவிட்டால் அக்கட்டுரையை விட்டுவிடுவதே என் கருத்து. ‘நூலகம்’ போன்ற எண்ணிம நூலகத்தில் ஒன்றை வாசிக்க முடிகிறது என்பதும் பயிற்சிக்கான அனுமதியாகாது.

நியாயமான பயன்பாடு, அதாவது உரிமையாளரின் அனுமதியின்றியே சட்டம் இடமளிக்கும் பயன்பாடு, என்னும் வாதத்தை நம்பி முன்செல்வோர், பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தையில் ஏற்படும் பாதிப்பு ஆகிய நான்கையும் சட்டம் சேர்த்தே எடைபோடுகிறது என்பதை மறக்கலாகாது. முழு நூலையும் வணிக மாதிரிக்கு ஊட்டுபவரின் நிலை பலமற்றது. யப்பான் தன் பதிப்புரிமைச் சட்டத்தை 2018 இல் இத்தகைய பயிற்சிக்கு இசைவாகத் திருத்தியது உண்மையே. எனினும் யாழ்ப்பாணத்தில் எடுக்கப்படும் பிரதிக்கு அது துணைவராது.

அனுமதியை எழுத்தில் பெறுங்கள். ‘பயன்படுத்தலாம்’ என்ற பொதுச் சொல்லோடு நில்லாமல், பயிற்சி, வணிகப் பயன்பாடு, தரவுத் தொகுப்பைப் பிறருக்கு வழங்குதல் ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிடுக. பயிற்சி முடிந்த மாதிரியிலிருந்து ஒரு படைப்பை மட்டும் நீக்குவது மிகக் கடினம் என்பதையும் கையொப்பத்திற்கு முன்னரே சொல்லிவிடுங்கள். ஆசிரியர் பெயர், வெளியான ஆண்டு, கடிதத்தின் பிரதி ஆகியன அந்தந்தக் கோப்புடனேயே இருக்கட்டும்.