பீக், பி.இ.ஐ. துண்டுகளைச் செங்குத்தாக எரித்துச் சோதிப்பது எப்படி?

வெப்பம் தாங்கும் பாலிமர் எல்லாம் தீயையும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பீக் (பாலிஈதர் ஈதர் கீட்டோன்) 343 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஆனால் மெல்லிய தகட்டில் சுடர் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த எண்ணில் விடை இல்லை. அதற்கு யூஎல் 94 என்ற பிளாஸ்டிக் தீப்பற்றுதல் தரநிலையின் செங்குத்துச் சோதனை வேண்டும். அதில் கிடைக்கும் தரமும் பாலிமருக்கானது அல்ல, சோதித்த தடிமனுக்கானது. 3 மி.மீ.யில் வி-0 (சுடர் விரைவில் தானே அணையும் தரம்) பெற்ற பொருளை 0.8 மி.மீ. உறையாக வார்த்துவிட்டு அதே தரத்தை எழுதுவது பெருந்தவறு. உங்கள் பாகத்தில் மிக மெல்லிய சுவர் எதுவோ, அந்தத் தடிமனிலேயே துண்டு தயாரியுங்கள்.

ஏன் இப்படி? பீக், பி.இ.ஐ. (பாலிஈதர் இமைடு) ஆகியவற்றின் மூலக்கூறில் பென்சீன் வளையங்கள் நெருக்கமாக இருக்கின்றன, ஹைட்ரஜன் குறைவு. சூடேறும்போது பெரும்பகுதி எரிவாயுவாகாமல் கரியாகிறது. அந்தக் கரித்தோல் உள்ளே வெப்பம் போவதைத் தடுக்கிறது. மெல்லிய துண்டிலோ தோல் தடிக்கும் முன்பே வெப்பம் நடுப்பகுதிக்குப் போய்விடும்.

துண்டின் நீளம் 125 மி.மீ., அகலம் 13 மி.மீ. வார்ப்பதற்கு முன் பி.இ.ஐ. குருணையை 150 டிகிரியில் 4 முதல் 6 மணி நேரம், பீக்கை அதே வெப்பத்தில் 3 மணி நேரம் உலர்த்துங்கள். ஈரம் குமிழியாக உள்ளே தங்கினால், அந்த இடம் மெல்லிய சுவர்போல நடந்துகொள்ளும். ஓரத்துப் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். அதுதான் முதலில் பற்றும்.

ஐந்து துண்டுகளை 23 டிகிரி, 50% ஈரப்பதத்தில் 48 மணி நேரம் வையுங்கள். வேறு ஐந்தை 70 டிகிரி அடுப்பில் 168 மணி நேரம் வைத்து, உலர்கலத்தில் குறைந்தது 4 மணி நேரம் ஆறவிடுங்கள்.

துண்டின் மேல்முனை 6 மி.மீ.யை மட்டும் கிளாம்பில் பிடித்து, கீழ்முனையிலிருந்து 300 மி.மீ. கீழே பஞ்சு பரப்புங்கள். பர்னர் சுடர் 20 மி.மீ. உயரம், முழு நீலம்; மஞ்சள் நுனி தெரிந்தால் காற்றைக் கூட்டுங்கள். எரியும்போது புகை உறிஞ்சும் விசிறியை அணைத்து வைத்து, ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் இயக்குங்கள். இதே முறையில் வேறு பாலிமரைச் சோதித்தால், பி.பி.எஸ். (பாலிஃபீனிலீன் சல்ஃபைடு) எரிந்தால் சல்ஃபர் டைஆக்சைடு வரும், பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) எரிந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும்; இரண்டும் நச்சு வாயுக்கள். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

பர்னர் வாய் துண்டுக்கு 10 மி.மீ. கீழே இருக்க, 10 விநாடி சுடர் காட்டுங்கள். துண்டு சுருங்கினால் பர்னரும் மேலே போக வேண்டும். சொட்டினால் பர்னரை 45 டிகிரி சாயுங்கள். சுடரை விலக்கியதும் எரியும் நேரத்தைக் குறியுங்கள். அணைந்த உடனே மறுபடி 10 விநாடி. இங்கே தாமதித்தால் துண்டு ஆறி, முடிவு உண்மையைவிட நன்றாகத் தோன்றும். அறை இருட்டாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கரியில் தணலும் நேரம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

வி-0 கிடைக்க எந்த எரிவும் 10 விநாடியைத் தாண்டக் கூடாது, ஐந்து துண்டுகளின் எல்லா எரிவு நேரங்களின் கூட்டல் 50 விநாடிக்குள் இருக்க வேண்டும். இரண்டாம் எரிவும் தணலும் சேர்ந்து ஒரு துண்டில் 30 விநாடிக்கு மேல் போகக் கூடாது. பஞ்சு பற்றக் கூடாது, கிளாம்ப் வரை எரியவும் கூடாது. ஐந்தில் ஒன்று மட்டும் தவறினால், அதே முறையில் பதப்படுத்திய வேறு ஐந்து துண்டுகளை எரித்துப் பாருங்கள். அந்த ஐந்தும் தேற வேண்டும்.