ஸ்பிட்டி குளிரில் அணைந்த கேஸ் அடுப்பு: என் அனுபவம்

மே முதல் வாரம், இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் பயணம். குன்சும் கணவாய் பனியில் மூடியிருந்ததால் கின்னௌர் வழியாக ஜீப்பில் போனோம். ஸ்பிட்டியின் காசா ஊர் அருகே முகாம். மூன்று நாளாகக் காலையில் அடுப்புச் சுடர் சுருங்கி அணைந்தது. உயரம்தான் காரணம் என்று நினைத்தேன். காற்றுத் தடுப்பு வைத்தேன், பர்னர் துளைகளை ஊசியால் குத்தினேன், கேஸ் டப்பாவையும் மாற்றினேன். பலனில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்: டப்பாவின் கீழ்ப்பாதியில், உள்ளே திரவம் நிற்கும் மட்டம் வரை, கோடு போட்டதுபோல் வெள்ளை உறைபனி. உள்ளே இருந்தது வெறும் பியூட்டேன் என்ற எரிவாயு. கடல்மட்டத்தில் அதன் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. எரிய எரிய டப்பா மேலும் குளிர்ந்து, வாயு கிளம்புவதே குறைந்துவிடுகிறது.

ராத்திரி பிளாஸ்கில் வைத்திருந்த தண்ணீரைத் தட்டில் இரண்டு விரல்கடை ஊற்றி டப்பாவை நிறுத்தினேன். வெதுவெதுப்பு போதும், சுடுநீர் கூடாது. உடனே நீலச் சுடர்! அப்பாடா. அடுத்த முறை, குளிரிலும் எளிதில் வாயுவாகும் புரொப்பேன் கலந்த டப்பாதான்.